தோள் தாங்கும் தோட்டா

மாரிகுப்பத்தில் என் வேலைமேசைக்கு வந்த ரைஃபிள்களில் பெரும்பாலானவை .315. பங்காருப்பேட்டை விவசாயி கொண்டுவந்தாலும், கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்புக்காரர் கொண்டுவந்தாலும், குடகிலிருந்து காப்பித் தோட்டக்காரர் ஜீப்பில் கட்டிக்கொண்டு வந்தாலும், உறையைப் பிரித்தால் உள்ளே அதே இஷாப்பூர் தொழிற்சாலை ரைஃபிள்தான் இருக்கும். அதற்கான தோட்டா கட்கித் தொழிற்சாலையுடையது. 244 கிரெய்ன் எடையுள்ள குண்டு, வினாடிக்கு ஏறக்குறைய 2,200 அடி வேகம். காட்டுப்பன்றிக்கும் கரடிக்கும் அது தாராளம்.

இந்தத் தோட்டா நம் நாட்டுக்கு வந்தது அதன் திறமையால் அல்ல, சட்டத்தால். வெள்ளைக்காரன் பட்டாளத்தின் தோட்டா .303. அதே தோட்டா பொதுமக்களிடம் இருந்தால் பட்டாளக் கிடங்கிலிருந்து திருடிப் பயன்படுத்துவார்கள் என்று அரசு பயந்தது. அதனால் .303 கூடாது என்றார்கள். பர்மிங்காமில் இருந்த பிஎஸ்ஏ கம்பெனி, ஆஸ்திரியா-ஹங்கேரிப் படையின் பழைய 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவை எடுத்து, லீ வகை ரைஃபிளுக்குப் பொருத்தி இந்தியாவில் விற்றது. சுதந்திரத்துக்குப் பிறகும் .303 தடை செய்யப்பட்ட போராகவே (போர் என்றால் குழலின் உள்விட்ட அளவு) நீடித்தது; .315-ம் நீடித்தது. தோட்டாவைப் பற்றி யார் கேட்டாலும் இந்தக் கதையைத்தான் நான் முதலில் சொல்வேன். எந்தத் தோட்டா வேண்டும் என்ற கேள்விக்கு முதல் பதிலைச் சட்டம் சொல்லும். இரண்டாவது பதிலை விலங்கு சொல்லும், மூன்றாவதைச் சுடுகிறவனின் தோள் சொல்லும். அட்டவணையைப் புரட்டுவது அதற்கப்புறம்தான்.

நான் புதுத் துப்பாக்கி செய்தவன் அல்ல. அதற்கு வேறு உரிமம் வேண்டும். பழுது பார்ப்பதுதான் என் தொழில்: அடிக்கட்டையில் விரிசல், தேய்ந்த போல்ட், தளர்ந்த குறிமுள், உடைந்த ஸ்பிரிங். மாரிகுப்பத்துத் தங்கச் சுரங்க ஒர்க்‌ஷாப்பில் டர்னராகக் கை பழகியவன். 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கம் மூடப்பட்டபோது ஊரே வேலை தேடி விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போகத் தொடங்கியது. நானும் போனேன். அங்கே உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையில் பழுது வேலை செய்யும் பெரியவரிடம் சேர்ந்தேன். லேத்தில் கற்ற கணக்கு துப்பாக்கியில் அப்படியே உதவியது. ஆயிரத்தில் ஒரு அங்குலம் என்றால் என்ன என்பதை விரல் நுனியில் தெரிந்தவனுக்குச் சேம்பரின், அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறையின், அளவு புரிய நாளாகாது.

எங்களுக்கு வேலை குவிவது தேர்தல் முடிந்ததும்தான். தேர்தல் அறிவித்தால் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். மாதக்கணக்கில் மூலையில் நின்றுவிட்டு வரும்போது குழலுக்குள் துரு பிடித்திருக்கும். துருவுக்குக் காரணம் ஈரம் மட்டும் என்று நினைப்பார்கள். பழைய தோட்டாக்களின் கேப்பில் இருக்கும் பொட்டாசியம் குளோரேட் எரிந்ததும் உப்பாக மாறிக் குழல் சுவரில் படிந்துவிடும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் அந்த உப்பு கரையாது, எண்ணெய்க்கு அடியில் உட்கார்ந்து தின்னும். அதனால் நான் செய்வது இதுதான். போல்ட்டைக் கழற்றி, வாளிக்குள் குழலின் வாய் கீழே இருக்கும்படி நிறுத்தி, சேம்பரில் புனல் வைத்துக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுவேன். முதலில் சாம்பல் நிறத்தில் வரும், பிறகு தெளியும். குழல் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிவிடும், அந்தச் சூட்டிலேயே உள்ளே காய்ந்துவிடும். உலர்ந்த துணியால் நாலைந்து முறை துடைத்து, அதன்பிறகு எண்ணெய். இதைச் சொல்லிக்கொடுத்தால் அடுத்த தேர்தலுக்கு அவர்கள் என்னிடம் வரமாட்டார்கள் என்று தெரிந்தும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இப்படி .315-ஐச் சுற்றியே ஓடிய தொழிலில், உலகத்துத் தோட்டாக்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி யோசிக்கும் வாய்ப்பு என் தங்கை மகனால் வந்தது. அவன் அப்பா பெமல் ஊழியர். மகனும் மண்வாரி இயந்திரங்கள் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு மெல்போர்னுக்குப் போய்விட்டான். அங்கே வேட்டை சட்டப்படி நடக்கிறது. உரிமம் வாங்கி, பயிற்சி முடித்து, கூட வேலை செய்கிறவர்களோடு மலைக்காட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தான்.

"மாமா, சொந்தமா ஒரு ரைஃபிள் செய்யக் குடுக்கப் போறேன். நல்ல பேரல், வால்நட் கட்டை, எல்லாம் என் அளவுக்கு. தோட்டா மட்டும் முடிவாகல. இருக்கறதுலயே பவரா எது?"

"எதைச் சுடப் போற?"

"கடமான்தான். வருஷத்துக்கு ஒருவாட்டி வடக்கே எருமைக்குப் போலாம்னு ஆசை."

"எவ்ளோ தூரத்துல சுடுவ?"

அவனிடம் உடனே பதில் இல்லை. .458 லாட், .338 லாபுவா, .300 வெதர்பி என்று மூன்று பெயர்கள் மட்டும் இருந்தன. மூன்றும் அசுர பலம் கொண்டவை.

அவன் இருக்கும் விக்டோரியா மாநிலத்துக் காட்டுக் கடமான் அந்த மண்ணின் விலங்கு அல்ல. 1860-களில் வெள்ளைக்காரர்கள் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுபோய் விட்டது. அங்கே பெருகி, இன்றைக்கு மாநிலத்தின் கிழக்கு மலைகள் முழுக்கப் பரவியிருக்கிறது. நம் ஊரில் அதே கடமானைத் தொட்டால் சிறை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1991-ல் திருத்தம் வந்து மிச்சமிருந்த வேட்டை உரிமங்களும் போயின. அது சரியான சட்டம் என்பதே என் எண்ணம். நம் காடுகளில் மிச்சம் இருப்பது கொஞ்சம். அங்கே நிலைமை வேறு. வெளியிலிருந்து வந்த விலங்கு காட்டின் கன்றுகளைத் தின்று அழிக்கிறது, வேட்டைக்கு உரிமம் உண்டு. ஆனால் அந்த உரிமத்துக்கும் வரம்பு உண்டு. கடமானுக்குக் குறைந்தது .270 அங்குலப் போர், 130 கிரெய்ன் குண்டு. அதற்குக் கீழே போகக் கூடாது. 1996-ல் போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பிறகு ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிடித்த ஏற்பாடு.

ஆக, சட்டம் தரையை மட்டும் சொல்லிவிட்டது. கூரையை நாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அவன் ஆற்றல் அட்டவணைகளை அனுப்பிக்கொண்டே இருந்தான். குண்டின் எடையும் வேகமும் சேர்த்து அடி-பவுண்டு கணக்கில் வரும் எண்கள். நம் .315 ஏறக்குறைய 2,600. அமெரிக்கப் பட்டாளம் 1906-ல் எடுத்துக்கொண்ட முப்பது-நாட்-ஆறு, 180 கிரெய்ன் குண்டோடு 2,900. .300 வெதர்பி 4,000-க்கு மேல். 1912-ல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கொண்டுவந்த .375 மேக்னம், 300 கிரெய்ன் குண்டோடு 4,200. .458 வகைகள் 5,000-த்தைத் தொடும், தாண்டும். எண் ஏற ஏற அவனுக்கு ஆசை ஏறியது.

அந்த எண்களில் இல்லாத ஒன்று உதை. எட்டு பவுண்டு எடையுள்ள முப்பது-நாட்-ஆறு தோளில் உதைப்பது இருபது அடி-பவுண்டைச் சற்றே தாண்டும். ஒன்பது பவுண்டு .375 நாற்பது. அதே எடையில் .458 வின்செஸ்டர் அறுபதுக்கு மேல். லாட் அதையும் தாண்டும். உதை கூடினால் தோள் வலிக்கும் என்பது சின்ன விஷயம். வலியை மனிதன் தாங்கிக்கொள்வான். வலி வரப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால்தான் ஆபத்து.

பெங்களூரில் சுடும் தளம் ஒன்றில் பெரியவரோடு போய் நின்ற நாட்களில் இதை நேரில் பார்த்தேன். வாட்டசாட்டமான ஆள், தோட்ட முதலாளி, கையில் .375. குறி எங்கெங்கோ போகிறது, ரைஃபிளில்தான் கோளாறு என்று கொண்டுவந்திருந்தார். பெரியவர் ஒன்றும் பேசாமல் மேகசினை வாங்கி, நல்ல தோட்டாக்களுக்கு நடுவே ஒரு டம்மித் தோட்டாவைச் செருகிக் கொடுத்தார். முதல் இரண்டு வெடித்தன. மூன்றாவதில் டிக் என்ற ஓசை மட்டும் வந்தது. ஆனால் அந்த ஓசை வந்த கணத்தில் குழலின் வாய் நாலு விரல் கீழே இறங்கியது, அவர் கண் இறுக மூடியிருந்தது, இடது தோள் முன்னால் தள்ளியிருந்தது. வெடிக்காத துப்பாக்கிக்கே உடம்பு இத்தனையும் செய்தது. பெரியவர் அவரைப் பார்த்து, "துப்பாக்கி நல்லா இருக்குங்க சார்" என்று மட்டும் சொன்னார். அந்த மனிதரும் நல்லவர், புரிந்துகொண்டார். கொஞ்ச நாள் .22-ல் பழகிவிட்டுத் திரும்ப வந்தார்.

என் அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கும் பிளாஸ்டர். பாறைக்குத் தகுந்த மருந்தைத்தான் துளையில் வைக்க வேண்டும், கூட வைத்தால் தங்கக்கல் கூடுதலாக வராது, தலைக்கு மேலே இருக்கும் பாறைதான் இறங்கி வரும் என்பார். பாறை வெடிப்புக்குப் பேர்போன சுரங்கத்தில், பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், அது வெறும் அறிவுரை அல்ல, உயிரோடு வீடு திரும்பும் வழி. ரைஃபிள் தோட்டாவிலும் அதே கணக்குதான் என்று மருமகனுக்குச் சொன்னேன். அவன் மைன்ஸ் லைன் வீட்டில் பிறந்தவன், விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து குண்டு. அட்டவணையில் 4,000 என்று போட்டிருந்தாலும், விலங்கின் உடம்புக்குள் அந்த ஆற்றலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது குண்டுதான். செம்பு உறை மெல்லியதாக இருந்து, உள்ளே ஈயம் மென்மையாக இருந்து, வேகமும் அதிகமாக இருந்தால், தோள் எலும்பில் பட்டதும் சிதறிவிடும். மேலே பெரிய காயம், உள்ளே நுரையீரல் முழுசாக இருக்கும். விலங்கு ஓடிவிடும், நாள்கணக்கில் வேதனைப்பட்டுச் சாகும். அமெரிக்காவில் ஜான் நாஸ்லர் என்பவர் 1940-களில் கனடாவுக்கு மூஸ் வேட்டைக்குப் போனபோது அவருடைய அதிவேகக் குண்டுகள் இப்படித்தான் மேலேயே சிதறின. ஊருக்கு வந்து, நடுவில் செம்புத் தடுப்பு வைத்த குண்டைச் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி தடுப்புக்குப் பின்னால் பத்திரமாக இருந்து உள்ளே போகும். 1948-ல் விற்பனைக்கு வந்த அந்த பார்ட்டிஷன் குண்டு இன்றும் விற்கிறது. இப்போது முழுக்கச் செம்பால் ஆன குண்டுகளும், ஈயத்தை உறையோடு பற்றவைத்த குண்டுகளும் வந்துவிட்டன. நல்ல குண்டு போட்ட நடுத்தரத் தோட்டா, மோசமான குண்டு போட்ட பெருந்தோட்டாவைவிட மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நம் பக்கத்துக் காடுகளிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன் ஜவளகிரியில் ஆட்கொல்லிப் பெண்புலியைத் தேடி அலைந்தார். இன்றைக்கு அது கிருஷ்ணகிரி மாவட்டம். அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். 300 கிரெய்ன் மொட்டை மூக்குக் குண்டு, 2,200 அடி வேகம், 3,200 அடி-பவுண்டு. இன்றைய அட்டவணையில் நடுவாந்திரம். புதரும் மூங்கிலும் அடர்ந்த காட்டில், ஐம்பது கெஜத்துக்குள் சுடுகிறவருக்கு அதைவிட வேகம் எதற்கு? ஜிம் கார்பெட்டுக்கு 1907-ல் பரிசாக வந்த ரிக்பி ரைஃபிள் .275, நம் .315-ஐவிடச் சின்னப் போர். அதை அவர் கடைசிவரை வைத்திருந்தார்.

கார்பெட் எழுதியதில் என்னை விடாமல் தொடர்கிற செய்தி வேறொன்று. சம்பாவத்துப் பெண்புலி நானூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்களைக் கொன்றது. 1907-ல் அவர் அதைச் சுட்டு வீழ்த்திப் பார்த்தபோது, வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. எப்போதோ யாரோ சுட்ட குண்டின் வேலை. பல் போனதால் காட்டு இரையைப் பிடிக்க முடியாமல் மனிதரிடம் வந்தது. யாரோ ஒருவர் சரியாகச் சுடாமல் விட்டதற்கு எத்தனையோ ஊர்கள் விலை கொடுத்தன. வேட்டைத் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும் வேலையை நான் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ளாததற்கு இதுவே காரணம். முதல் குண்டிலேயே, பட வேண்டிய இடத்தில் பட்டு, விலங்கு விழ வேண்டும். அதற்கு உதவாத எந்தப் பலமும் பலமல்ல.

மருமகனின் பட்டியலில் லாபுவா முதலில் கழிந்தது. அது தொலைதூரம் சுடும் பட்டாளத்துக்காரர்களுக்குச் செய்தது. கனத்த குழல், முக்காலிபோல் நிற்கக் கால்கள், அதைச் சுமந்துகொண்டு விக்டோரியா மலையில் ஏற முடியாது. வெதர்பி அடுத்து. திறந்த மலைச்சரிவில் நானூறு கெஜம் தாண்டிச் சுடுகிறவனுக்கு அது பொருந்தும். "எவ்ளோ தூரத்துல சுடுவ" என்ற என் கேள்விக்கு அதற்குள் அவன் நண்பர்களிடம் கேட்டு பதில் கொண்டுவந்திருந்தான். பெரும்பாலும் நூறு மீட்டருக்குள், புதர்களுக்கு நடுவே. அந்தத் தூரத்தில் வெதர்பியின் வேகம் குண்டைச் சிதறடிக்கத்தான் உதவும். குழலின் தொண்டையும் சீக்கிரம் தேயும்.

லாட் கழிந்தது எருமையைப் பற்றி யோசித்தபோது. வட ஆஸ்திரேலியாவின் எருமையும் வந்தேறிதான், 19-ம் நூற்றாண்டின் முன்பாதியில் கப்பலில் வந்த ஆசிய நீர் எருமை. கடா முக்கால் டன்னுக்கு மேல் இருக்கும். அதற்குத் தடித்த குண்டு, ஆழமாக இறங்கும் குண்டு வேண்டும் என்பது உண்மை. ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை போகலாம் என்ற ஆசைக்காக, மாதாமாதம் கடமானுக்குப் போகும் ரைஃபிளை அறுபது எழுபது அடி-பவுண்டு உதைக்கும் ஒன்றாகச் செய்வது நியாயமில்லை.

இந்த இடத்தில் பழைய கதை ஒன்று மருமகனுக்கு மிகவும் பிடித்துப்போனது. 1898-ல் லண்டன் ரிக்பி கம்பெனி .450 நைட்ரோ எக்ஸ்பிரஸைக் கொண்டுவந்தது. 480 கிரெய்ன் குண்டு, யானைக்கும் காட்டெருமைக்கும் ஏற்றது. இந்தியாவுக்கு வந்த சிகாரிகள் பலரும் அதை வாங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே இந்தியாவிலும் சூடானிலும் .450 போருக்கே தடை வந்தது. கிளர்ச்சிக்காரர்கள் கையில் பட்டாளத்தின் பழைய .450 மார்ட்டினி-ஹென்றிகள் இருந்தன, இந்தத் தோட்டாக்களின் குண்டு அவற்றுக்குப் போய்விடும் என்ற பயம். உடனே லண்டன் கம்பெனிகள் ஒவ்வொன்றும் .450-ஐத் தவிர்த்துப் புதுப்புது அளவுகளில் இறங்கின. .465, .470, .475 என்று வரிசையாக வந்தவை அப்படிப் பிறந்தவை. இன்று உலகம் முழுக்க இரட்டைக் குழல் ரைஃபிளுக்குப் பேர்போன .470-ன் புகழுக்கு நம் நாட்டுத் தடை ஒரு முக்கியக் காரணம். ஆனால் அந்த இரட்டைக் குழல் ரைஃபிள்கள் மகாராஜாக்களும் பெரிய துரைகளும் வாங்கியவை. கையால் இழைத்து இழைத்துச் செய்ததால் விலை சாமானியனுக்கு எட்டாது.

சாமானியனுக்கு ஒருவர் யோசித்தார். பெர்லினில் இருந்த ஆட்டோ பாக் என்ற துப்பாக்கித் தொழிலாளி. ஆப்பிரிக்காவில் ஜெர்மனியின் ஆளுகையில் இருந்த பகுதிகளில் குடியேறிய விவசாயிகளுக்குப் பெரிய விலங்குகளிடமிருந்து பயிரையும் உயிரையும் காக்க ஒரு ரைஃபிள் வேண்டும். இரட்டைக் குழல் வாங்கக் காசில்லை. எல்லா இடத்திலும் மலிவாகக் கிடைத்தது மவுசர் 98 போல்ட் ரைஃபிள். அதன் மேகசின் நீளத்துக்குள் எவ்வளவு பெரிய தோட்டாவை அடைக்க முடியும் என்று பார்த்து, 1905-ல் 9.3×62-ஐ வடிவமைத்தார். 286 கிரெய்ன் குண்டு, வினாடிக்கு 2,360 அடி, 3,500 அடி-பவுண்டு. யானை, எருமை, சிங்கம் எல்லாவற்றையும் அது பார்த்துவிட்டது. இன்றைக்கும் சுவீடனிலும் ஜெர்மனியிலும் மூஸுக்கும் பன்றிக்கும் அது போகிறது. ஆஸ்திரேலியாவிலும் அதை வைத்து எருமை சுடுகிறவர்கள் நிறையப் பேர்.

கடைசியில் போட்டி .375-க்கும் 9.3×62-க்கும் இடையில் நின்றது. .375 எனக்குப் பிடித்த தோட்டா. உலகத்தில் எங்கே போனாலும் கிடைக்கும். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பெரிய விலங்குக்குச் சட்டம் கேட்கும் குறைந்த அளவே அதுதான். அதன் உடம்பு நீளமாக, மெல்லச் சரிந்து, தோள் இல்லாததுபோல் இருக்கும். அதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. அந்தக் காலத்து மருந்து கார்டைட், நூல் நூலாக இருக்கும். வெயில் நாட்டில் சூடேறினால் கார்டைட்டின் அழுத்தம் ஏறும். நேர்ச்சுவர் உள்ள கேஸ் அழுத்தத்தில் சேம்பரோடு ஒட்டிக்கொண்டு வெளியே வராது, எதிரே அடிபட்ட விலங்கு நிற்கும்போது அது மரணம். சரிந்த கேஸ் சற்று நகர்ந்தாலே விட்டுவிடும். இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் மனதில் வைத்துச் செய்த வடிவம் அது. பழைய காலிக் கேஸ்களை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் இதெல்லாம் தெரியும். கேப் தட்டையாகி ஓரம் மழுங்கியிருக்கிறதா, அடிப்பாகத்தில் பளபளவென்று வளையக்கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்தே துப்பாக்கியின் நாடியைச் சொல்லிவிடலாம்.

ஆனால் அந்த நீளத்துக்கு விலை உண்டு. .375-ன் முழு நீளம் 3.6 அங்குலம். அதற்கு நீண்ட மேக்னம் ஆக்‌ஷன் (போல்ட் ஓடும் பகுதி) வேண்டும். ஆக்‌ஷன் நீண்டால் எடை ஏறும், விலை ஏறும், போல்ட்டை இழுக்கும் தூரமும் ஏறும். பயத்தில் பாதி தூரம் மட்டும் இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறாது. 9.3×62, முப்பது-நாட்-ஆறுக்குரிய சாதாரண ஆக்‌ஷனில் உட்காரும். போல்ட் முகப்பும் அதே அளவுதான். எட்டரை பவுண்டில் நல்ல சமநிலையோடு செய்யலாம். உதை முப்பதை ஒட்டி வரும், பழகிய தோள் தாங்கும். கடமானுக்கு விக்டோரியாவின் சட்டம் கேட்பதைவிட மிக மேலே இருக்கிறது. எருமைக்கு உலகம் நூறாண்டுக்கு மேலாக ஒப்புக்கொண்ட தோட்டா.

"இது பழைய தோட்டாவாச்சே மாமா, பவர் கம்மியில்லையா?" என்றான்.

"உன் பிரெண்டு ஒருத்தன்கிட்ட .375 இருக்குன்னியே. அதை வாங்கி நின்னபடிக்கே சுட்டுப் பாரு. நடுவுல ஒரு டம்மி போடச் சொல்லு. நீ பாக்காத நேரத்துல போடணும். அப்புறம் 9.3 வெச்சிருக்கறவன்கிட்டயும் அதே மாதிரி. ரெண்டையும் வீடியோ எடுத்து அனுப்பு."

அனுப்பினான். .375-ல் டம்மி வந்தபோது குழல் முனை தெளிவாக இறங்கியது. 9.3-ல் ஆடாமல் நின்றது. நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனே அன்றைக்கே தன் துப்பாக்கித் தொழிலாளியிடம் ஆர்டர் கொடுத்துவிட்டான். 22 அங்குலக் குழல், இரும்புக் குறிமுள்ளோடு கழற்றி மாட்டக்கூடிய குறைந்த பவர் தொலைநோக்கி, கட்டையின் நீளம் அவன் முழங்கை மடிப்பிலிருந்து விரல் வரை அளந்து. அந்தக் கட்டை அளவை நான் வலியுறுத்திச் சொன்னேன். உதை எவ்வளவு என்பதைத் தோட்டா சொல்லும், அந்த உதை தோளில் படுமா கன்னத்தில் படுமா என்பதைக் கட்டைதான் சொல்லும்.

என் தீர்ப்பு இது. கடமானுக்கு மட்டும் என்றால் முப்பது-நாட்-ஆறு, நல்ல 180 கிரெய்ன் குண்டு. கடமானும் எருமையும் என்றால் 9.3×62. எருமையே தொழில், ஆப்பிரிக்காவுக்கும் போக வேண்டும் என்றால் .375. அதற்கு மேலே உள்ளவை யானைக்கு எதிரே நின்று வேலை செய்யும் சிலருக்கானவை. மற்றவர்கள் அந்தப் பணத்தைச் சுடும் தளத்தில் தோட்டா வாங்கிச் செலவிடுவது நல்லது.

நம் நாட்டில் இருப்பவர்களுக்கு வேறொரு வேண்டுகோள். தாத்தா காலத்து ரைஃபிள் உரிமத்தோடு உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், பெட்டியில் இருக்கும் பழைய தோட்டாவை எடுத்துப் போட்டுப் பார்க்காதீர்கள். குழலின் மேல் சேம்பருக்கு அருகே என்ன போர் என்று பொறித்திருக்கும். அதையும் உங்கள் உரிமப் புத்தகத்தில் எழுதியிருப்பதையும் தோட்டாவின் அடியில் இருக்கும் எழுத்தையும் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மூன்றும் ஒன்றாக இல்லையென்றால், அல்லது எழுத்து தேய்ந்து தெரியவில்லையென்றால், உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய்ச் சேம்பரை அளந்து எழுதி வாங்குங்கள். அதுவரை அந்த ரைஃபிளைச் சுட வேண்டாம்.